மூன்றரை மில்லிமீட்டர் இரிடியம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால், கல்பாக்கம் அணுநகரியத்தை ஒட்டிப் புதுப்பட்டினம் வரும். சற்று வடக்கே கடலோரத்தில், 1984இல் வணிக அளவில் மின்சாரம் தரத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்பார்கள்: "அணு உலைக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கீங்களே, புற்றுநோய் கிற்றுநோய் வந்துடாதா?"

நியாயமான கேள்விதான். கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத ஒன்றைப் பற்றி மனிதர் பயப்படத்தான் செய்வார்கள். உலையிலிருந்து என்ன வெளியேறுகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று கேட்க ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு. அளந்து சொல்லும் கடமை நிலையத்துக்கு உண்டு. ஆனால் இந்தப் பயத்தின் நிழலில் வேறொன்று பயமே இல்லாமல் வாங்கப்படுகிறது. அது பாக்கும் புகையிலையும். குட்காவுக்கும் மெல்லும் புகையிலைப் பொட்டலத்துக்கும் தமிழ்நாட்டில் 2013இல் தடை போட்டார்கள். இன்றும் தேடுகிறவருக்குக் கிடைக்காமல் போவதில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலையை மட்டுமல்லாமல், புகையிலை சேராத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 2004இல் சேர்த்துவிட்டது. அந்த முகமையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் புதிதாக உதட்டிலோ வாயிலோ புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். உலகில் இந்நோய் காணும் மூவரில் ஒருவருக்கு மேல் இந்தியர்.

கல்பாக்கம் கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட்டு திட்டுத் திட்டாக உண்டு. உலை வருவதற்கு முன்பே இங்கே கதிர்வீச்சு இருந்திருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே மோனசைட்டு இன்னும் அடர்த்தி. அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. மணலின் கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்று கூடவில்லை. அதே ஊர் மக்களிடம் புகையிலை மெல்லும் பழக்கத்தை ஆராய்ந்தபோது, மென்றவர்களுக்கு ஈறிலும் கன்னத்திலும் புற்று தெளிவாகவே கூடியிருந்தது. இதை வைத்து உலைக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. அது தனிக் கணக்கு. கதிர்வீச்சு என்ற பெயரைக் கேட்டாலே ஒரே அளவு பயம் கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது போதும். எவ்வளவு, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றும்தான் முக்கியம். இந்த மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த புற்றின் நடுவிலேயே கதிர்ப்பொருளைக் கொண்டுபோய் நிறுத்தும் ஒரு சிகிச்சை நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. மருத்துவர்கள் அதைப் பிராக்கிதெரபி என்பார்கள். தமிழில் உள்கதிர் சிகிச்சை.

நம் ஊரில் "கரண்டு வைக்கிறாங்க" என்று சொல்வது பெரும்பாலும் வெளிக்கதிர் சிகிச்சையை. பெரிய இயந்திரம் ஒன்று உடலுக்கு வெளியே நின்று கதிரைப் பாய்ச்சும். தோல், உமிழ்நீர்ச் சுரப்பி, தாடை எலும்பு எல்லாவற்றையும் கடந்துதான் அது புற்றை அடையும். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு தவணையாக ஆறேழு வாரம். ஒரு தவணைக்கு 2 கிரே வீதம் மொத்தம் 60 முதல் 70 கிரே வரை. கிரே என்பது திசு உறிஞ்சிய கதிர் ஆற்றலின் அளவு. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் ஒரு கிரே. புற்று அழியும், உயிர் பிழைக்கும். ஆனால் கன்னத்தின் பக்கவாட்டிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் அந்தப் பாதையில் அகப்பட்டால் பலருக்கு வாய் காய்ந்து போகிறது. சோற்றை விழுங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்க வேண்டிய நிலை வருடக்கணக்கில் நீடிக்கிறது. பிழைத்தவரின் இந்தத் துன்பத்தைச் சிறிய பக்கவிளைவு என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

உள்கதிர் சிகிச்சை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் அடிப்படை பள்ளிக்கூட இயற்பியலில் படித்த தலைகீழ் வர்க்க விதி. திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே நிற்பவருக்குக் காது அடைக்கும்; பத்து வீடு தள்ளிப் படுத்திருப்பவர் தூங்கிவிடுவார். கதிரும் அப்படியே. மூலத்திலிருந்து ஒரு சென்டிமீட்டரில் 100 பங்கு என்றால், இரண்டு சென்டிமீட்டரில் 25, மூன்றில் 11, ஐந்தில் வெறும் 4. புற்றின் உள்ளே மூலத்தை வைத்துவிட்டால் புற்று முழு அளவையும் வாங்கிக்கொள்ளும். ஐந்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குக் கொஞ்சமே போய்ச் சேரும். நோயாளி விழுங்கும்போது நாக்கு அசைந்தாலும் மூலமும் கூடவே அசைகிறது, குறி தப்புவதில்லை.

இந்த யோசனை தோன்ற அதிக நாள் ஆகவில்லை. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டது 1898இல். 1901க்குள் பாரிஸின் சேன் லூயி மருத்துவமனையில் தோல் நோய்க்கு அதை வைத்துப் பார்த்துவிட்டார்கள். 1903இல், தொலைபேசியால் பெயர் பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரேடியத் துணுக்கை அடைத்துப் புற்றின் நடுவிலேயே செருகினால் என்ன என்று ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ரேடிய ஊசிகளின் காலம். நாக்கிலும் உதட்டிலும் அவற்றை வரிசையாகக் குத்தி, ஒரு வாரம் விட்டு எடுப்பார்கள். எந்த இடைவெளியில் எத்தனை ஊசி என்ற கணக்கை மான்செஸ்டரில் பேட்டர்சனும் பார்க்கரும் 1930களில் வகுத்தார்கள். புற்று கரைந்தது. ஆனால் குத்திய மருத்துவரின் விரலும் கதிர் வாங்கியது. பக்கத்தில் நின்ற செவிலியரும் வாங்கினார். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஊசி வளைந்து விரிசல் விட்டால் ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். ஓர் ஊசி தொலைந்தால் மருத்துவமனையே கலங்கும்.

சென்னையில் கதிர் மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த துயரத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டு மனதில் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். 12 படுக்கை, இரண்டு மருத்துவர்: அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் இளம் மருத்துவர் சாந்தாவும். அந்த 1950களிலேயே கோபால்ட்-60 கருவியைக் கனடாவிலிருந்து வரவழைத்தார்கள். அவர்களிடம் வந்த ஏழைகளில் வாய்ப்புற்று கண்டவர்கள் ஏராளம். கன்னத்தில் புற்று முற்றி வந்தவர்கள். மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்தால் கன்னப்புற்று கூடுதலாகக் கட்டுப்படுகிறது என்று கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சகாக்களும் 1971இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கச் சாதாரணமாகிவிட்ட கூட்டுச் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே செய்து பார்த்தவர்களில் அவர்கள் உண்டு. சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

ரேடியத்தின் தொல்லைக்கு முடிவு கட்டியவை இரண்டு. ஒன்று, 1950களின் கடைசியில் உல்ரிக் ஹென்ஷ்கே பரப்பிய வழிமுறை: முதலில் வெற்றுக் குழாயை மட்டும் திசுவில் செருகு, நிதானமாகச் சரிபார், கதிர்ப்பொருளைப் பிறகு உள்ளே அனுப்பு. இதனால் அறுவை அரங்கில் எவரும் கதிர் வாங்க வேண்டியதில்லை. மற்றொன்று, இரிடியம்-192.

இயற்கை இரிடியம் கதிரியக்கமற்ற உலோகம். அதில் 37 விழுக்காடு இரிடியம்-191, மீதி இரிடியம்-193. அணு உலைக்குள் வைத்தால் 191 ஒரு நியூட்ரானை விழுங்கி 192 ஆகும். அதற்கு நியூட்ரானை விழுங்கும் தன்மை மிக அதிகம் என்பதால் கொஞ்ச உலோகத்திலேயே நிறையக் கதிரியக்கத்தை ஏற்றிவிடலாம். பிறகு அது காமா கதிரை உமிழ்ந்தபடி பெரும்பாலும் பிளாட்டினமாக மாறிவிடுகிறது. அரை ஆயுள் 74 நாள்.

கல்பாக்கத்தில் இருப்பவர்கள் "இங்கேயே செய்கிறார்களா?" என்று கேட்கக்கூடும். இல்லை. இந்தியாவில் இந்த வேலைக்கு மும்பை டிராம்பேயில் 1985 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய துருவா போன்ற ஆய்வு உலைகள்தான். மருத்துவமனைகளுக்கு அனுப்புவது அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கல்பாக்கத்தில் உயிர்பெற்ற சிறிய வேக ஈனுலை, இட்ரியம் சேர்மத்தை உள்ளே வைத்து ஸ்ட்ரான்சியம்-89 செய்து காட்டியிருக்கிறது. ஸ்ட்ரான்சியத்தை உடல் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்ளும். புற்று எலும்புக்குப் பரவி உறக்கமில்லாமல் துடிப்பவருக்கு ஊசியாகப் போட்டால் வலி தணியும். அதுவும் உடலின் உள்ளிருந்தே கதிர் தரும் சிகிச்சைதான். புதுப்பட்டினத்துக்காரர்கள் தங்கள் பக்கத்து உலையைப் பற்றி அறிய வேண்டியவற்றில் இதையும் சேர்க்கலாம்.

இனி நாக்குக்கு வருவோம். நோயாளிக்கு நாக்கின் ஓரத்தில், பல் உராயும் இடத்தில், இரண்டரை சென்டிமீட்டர் புண். தசைத்துண்டு எடுத்துச் சோதித்ததில் புற்று என்று தெரிந்துவிட்டது, எலும்பைத் தொடவில்லை. முதலில் பல் மருத்துவர் பார்க்கிறார். சொத்தையாகி இனி நிற்காத பல்லை இப்போதே பிடுங்கிவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. அடுத்து வாய்க்கு அச்செடுத்து, நாக்குக்கும் தாடைக்கும் நடுவே பொருந்தும் ஓர் அக்ரிலிக் தடுப்பைச் செய்கிறார். அது நாக்கை எலும்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வைக்கும். தலைகீழ் வர்க்க விதியில் சில மில்லிமீட்டரும் பெரிய லாபம். உள்ளே ஈயத் தகடும் பதிக்கலாம். இரிடியத்தின் காமா கதிர் மிதமான ஆற்றல் கொண்டது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஈயம் அதைப் பாதியாக்கிவிடும்.

இந்த ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இப்போது பல மருத்துவமனைகள் இரிடியத்துக்குப் பதில் கோபால்ட்-60 மூலத்தை வாங்குகின்றன. காரணம் செலவு. இரிடியம் நான்கே மாதத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புது மூலத்தில் பத்து நிமிடத்தில் முடிந்த தவணை அப்போது அரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே வருடத்துக்கு மூன்று நான்கு முறை புது மூலம் வேண்டும். கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 ஆண்டு, ஒரு முறை வாங்கினால் ஐந்து வருடக் கவலை விட்டது. கருப்பைவாய்ப் புற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். வாயில் அப்படியில்லை. கோபால்ட் கதிரைப் பாதியாக்க 12 மில்லிமீட்டர் ஈயம் தேவை. அவ்வளவு கனமான தகட்டை எவர் வாயில் வைப்பது? வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை தர நினைக்கும் மருத்துவமனை, கருவி வாங்கும்போதே இதை யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அறுவை அரங்கில் முழு மயக்கம். மூச்சுக்குழாயை மூக்கு வழியாகச் செலுத்துகிறார்கள், வாய் வேலைக்கு ஒழிவாக இருக்க வேண்டுமே. கதிர் மருத்துவர் முகவாய்க்கட்டைக்குக் கீழே, கழுத்துத் தோலில், உள்ளே துவாரமுள்ள எஃகு ஊசியைக் குத்தி மேல்நோக்கிச் செலுத்துகிறார். மறுகை விரல் வாய்க்குள் நாக்கின் மேல் இருக்கும். புற்றின் விளிம்பு எங்கே என்று அந்த விரல்தான் சொல்கிறது. ஊசி நாக்கின் மேற்பரப்பில் எட்டிப்பார்க்கும். அதற்கு இணையாக ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி அடுத்தது, பிறகு அடுத்தது. ஊசிகள் ஒன்றுக்கொன்று சாய்ந்துவிட்டால் நெருங்கிய பக்கம் திசு வெந்து புண்ணாகும், விலகிய பக்கம் புற்று தப்பிவிடும். எவ்வளவு நல்ல கணினியும் மோசமாகக் குத்திய ஊசியைச் சரிசெய்ய முடியாது. ஊசிகளின் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைக் கோத்து, ஊசிகளை உருவிவிட்டு, குழாய்கள் நழுவாதபடி பொத்தான் போட்டு நிறுத்துகிறார்கள். கன்னம் என்றால் வெளித்தோலில் இருந்தே குத்துவார்கள். உதடு எல்லாவற்றிலும் சுலபம்.

பிறகு சி.டி. ஸ்கேன். குழாய்கள் ஒவ்வொன்றும் படத்தில் தெரியும். மருத்துவ இயற்பியலாளர் கணினி முன் உட்கார்ந்து, எந்தக் குழாயில் எந்தப் புள்ளியில் எத்தனை வினாடி மூலம் நிற்க வேண்டும் என்று கணக்கிடுகிறார். மூலம் என்பது மூன்றரை மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான கனமும் கொண்ட இரிடியத் துணுக்கு. எஃகுக் கூட்டில் அடைத்து நீண்ட கம்பியின் முனையில் பற்றவைத்திருப்பார்கள். புதிதாக வரும்போது அதில் வினாடிக்கு 37,000 கோடி அணுக்கள் சிதையும். நோயாளியைக் கான்கிரீட் சுவர் கொண்ட அறையில் தனியே விட்டுக் கதவைச் சாத்தியபின், இயந்திரம் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தள்ளி, சொன்ன இடத்தில் சொன்ன வினாடி நிறுத்தி, இழுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம். வலி இல்லை. கதவு திறந்தால் மூலம் தானாகப் பெட்டிக்குள் திரும்பிவிடும்.

ஒரு தவணைக்கு மூன்று நான்கு கிரே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விட்டாக வேண்டும். கதிர் செய்வது, செல்லின் டி.என்.ஏ. இழையை அறுப்பது. அறுந்ததை ஒட்டும் திறமை நல்ல செல்லுக்கும் உண்டு, புற்றுச் செல்லுக்கும் உண்டு. நல்ல செல் அதைக் கூடுதலாக ஒழுங்காகச் செய்யும். அந்த ஆறு மணி நேரம் நல்ல செல்லுக்குக் கொடுக்கும் அவகாசம். அவசரப்பட்டு இடைவெளியைக் குறைத்தால் பின்னால் ஆறாத புண்ணாக அது வெளிப்படும். ரேடிய ஊசியும் இரிடியக் கம்பியும் நாள்கணக்கில் உள்ளேயே இருந்து மெதுவாகக் கதிர் தந்த பழைய வழிமுறையில் இந்தப் பழுதுபார்ப்பு தானாகவே நடந்தது. அதனால் வேகமான புது முறையைப் பலர் முதலில் நம்பவில்லை. ஜப்பானின் ஒசாகாவில் ஆரம்ப நிலை நாக்குப்புற்று நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மெதுவாக 70 கிரே, மறு பிரிவுக்கு வேகமாக ஒரு வாரத்தில் பத்துத் தவணையாக 60 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். புற்று அடங்கியதில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

அந்த வாரம் நோயாளிக்குக் கடினமான வாரம்தான். குழாய்கள் நாக்கில் இருக்கும்போது பேச முடியாது. காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும். சாப்பாடு மூக்குக் குழாய் வழியே. நாக்கு வீங்கும். கடைசித் தவணை முடிந்து குழாய்களை உருவும்போது ரத்தம் வரும். விரலால் அழுத்தி நிறுத்துவார்கள். அதன்பின் ஓரிரு வாரத்தில் கதிர் பட்ட இடம் வெண்மையாகப் புண்பட்டு எரியும், பிறகு மெல்ல ஆறும். ஆறியபின் நாக்கு நாக்காகவே இருக்கும். அதில்தான் இந்தச் சிகிச்சையின் பெருமை. எதையும் வெட்டி எடுக்கவில்லை. பேச்சின் உச்சரிப்பும் விழுங்கும் திறமும் பெரும்பாலும் காப்பாற்றப்படுகின்றன.

வீட்டாருக்கு வேறொரு பயம் இருக்கும். "டாக்டரய்யா, வீட்ல பேரப்புள்ள இருக்கு. நான் தூக்கலாமா?" என்று பாட்டி சைகையில் கேட்பார், மருமகள் அதைச் சொல்லிக் கேட்பார். "தாராளமா தூக்குங்கம்மா. மருந்து இப்ப உங்க உடம்புல இல்ல, மிஷினுக்குள்ள போயிடுச்சு" என்பதுதான் சரியான பதில். காமா கதிர் பட்ட திசு கதிரியக்கமாக மாறுவதில்லை. கம்பியை நாள்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்த காலத்தில்தான் தனியறையும் பார்வையாளருக்குக் கட்டுப்பாடும் தேவைப்பட்டன.

ஆனால் மூலம் உண்மையிலேயே பெட்டிக்குத் திரும்பியதா என்று பார்த்தே தீர வேண்டும். 1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இந்தியானா என்ற ஊர் மருத்துவ நிலையம் ஒன்றில், இரிடியத் துணுக்கு கம்பியிலிருந்து முறிந்து 82 வயது மூதாட்டி ஒருவரின் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அறையிலிருந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கருவிதான் கோளாறு என்று எண்ணிய ஊழியர்கள் கையில் பிடிக்கும் அளவியால் அவரைச் சோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள். சில நாளில் அவர் இறந்தார். குழாயோடு குப்பையில் போன துணுக்கு, கழிவு ஏற்றிய லாரி ஒரு நிலையத்தில் கதிர்மானியைத் தாண்டியபோதுதான் அகப்பட்டது. ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் நோயாளியின் பக்கத்தில் அளவியைப் பிடித்துப் பார்ப்பது அன்று முதல் எவரும் விட்டுக்கொடுக்காத விதியாகிவிட்டது. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இந்தக் கருவியை எவரும் இயக்க முடியாது. சோதிக்க ஆகும் நேரம் அரை நிமிடம். அதைச் சலிப்பில்லாமல் ஒவ்வொரு முறையும் செய்யும் ஊழியரை நான் வணங்குகிறேன்.

இவ்வளவு நல்ல சிகிச்சை எல்லோருக்கும் ஏன் கிடைப்பதில்லை? முதல் காரணம் புற்றின் அளவு. தனியே உள்கதிர் மட்டும் கொடுத்துக் குணப்படுத்த, புற்று நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எலும்பைத் தொட்டிருக்கக் கூடாது. கழுத்தில் நெறி கட்டியிருக்கக் கூடாது. நம்மிடம் வருபவர்களில் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். இரண்டாவது, பாக்கு செய்யும் இன்னொரு கேடு. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்தோல் நாராக இறுகி, வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காது போய்விடும். காரம் பட்டாலே எரியும். அப்படிப்பட்ட வாயில் குழாய் கோப்பதும், மயக்கம் கொடுப்பதும் பெரும்பாடு.

மூன்றாவது காரணத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: பெரும்பாலான வாய்ப்புற்றுக்கு இன்று முதல் சிகிச்சை அறுவைதான். உள்கதிர் தான் இருக்கும் இடத்தைத் தாண்டி எதையும் செய்யாது. அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. கண்ணுக்குத் தெரியாமல் கழுத்து நெறிக்குப் போய்விட்ட நாலைந்து செல்லை அது தொடாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஆரம்ப நிலை வாய்ப்புற்றுக்கு அறுவை செய்தபோதே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். நெறி வீங்கினால் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காட்டினர்தான். ஆகவே நாக்கில் குழாய் கோத்தாலும் கழுத்தை என்ன செய்வது என்று தனியே முடிவெடுத்தே ஆக வேண்டும். உதட்டுப்புற்று, மயக்கம் தாங்கி நீண்ட அறுவைக்கு உடல் இடம் கொடுக்காதவர், அறுவைக்குப் பின் விளிம்பில் செல் மிச்சமிருப்பவர், முன்பே வெளிக்கதிர் வாங்கி மறுபடி அதே இடத்தில் சிறிதாகப் புற்று வந்தவர்: இவர்களுக்கு உள்கதிர் இன்றும் அருமையான வழி. வருத்தம் என்னவென்றால், கருப்பைவாய்ப் புற்றுக்காக இந்த இயந்திரம் வைத்திருக்கும் மருத்துவமனைகள் பல இருந்தும், நாக்கில் இணையாக ஊசி போடப் பழகிய கைகள் குறைந்துவருகின்றன. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை இது. வருடத்துக்கு ஓரிரண்டு பேருக்கு மட்டும் செய்தால் கை மறந்துவிடும்.

அளவைப் பற்றிச் சொன்னேன். வாயைப் போல எளிதில் பார்க்கக்கூடிய இடம் உடலில் குறைவு. கண்ணாடியும் வெளிச்சமும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் சங்கரநாராயணனும் குழுவினரும், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வீட்டு வாசலுக்கே அனுப்பி வாயைத் திறந்து பார்க்கச் செய்தார்கள். 2005இல் லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், வாய் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசுப் பல் மருத்துவரிடம் அன்றே காட்டிவிட வேண்டும். புண் ஒரு சென்டிமீட்டரில் இருக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் ஏமாந்து போகிறார்கள்.

புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். இன்னும் மேற்கே, காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் புற்றுநோய்க்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. உணவுக்குழாய்ப் புற்றால் அவதிப்பட்டு, நியூயார்க் வரை சென்று அறுவை செய்துகொண்டும் 1969 பிப்ரவரி 3 அன்று நம்மை விட்டுப்போன, காஞ்சிபுரத்தின் அண்ணாவின் பெயரில் அது இயங்குகிறது. அவருக்கும் புகையிலைப் பழக்கம் இருந்தது.

சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரண்டு செய்திகள். புற்று திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் மருத்துவர் வரச் சொன்ன நாளில் தவறாமல் போய் வாயையும் கழுத்தையும் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். புகையிலையைத் தொடரக் கூடாது; தொடர்ந்தால் அதே வாயில் இன்னோர் இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பும். மற்றது பல்லைப் பற்றி. கதிர் வாங்கிய தாடைக்கு ரத்த ஓட்டம் எப்போதும் பழையபடி ஆவதில்லை. ஆகவே பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு பல்லைப் பிடுங்கப் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பல் மருத்துவரிடம் எந்தப் பக்கம் கதிர் வாங்கினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். சிகிச்சை விவரச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.